பிடிவாதம் வாத நோய் இல்லை

சமூக ஊடகங்களில் அந்தப் படம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கவாதம், முடக்குவாதம் போலப் பிடிவாதமும் ஒரு வாத நோயாம், முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்களாம். நேற்று ஒரு பெண் காரணங்களோடு எழுதிய பதிவின் கீழேயும் அதைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். தமிழ் படித்தவர்களே பகிர்வதுதான் வலிக்கிறது.

பிடிவாதத்தில் இருப்பது நோய் வாதம் இல்லை, பேச்சு வாதம்.

வடமொழியில் இவை இரண்டு தனிச்சொற்கள். ஒன்றில் வரும் 'த', 'பத்து' என்பதில் ஒலிப்பது. அதன் பொருள் காற்று. வாதம், பித்தம், கபம் என்கிறோமே, அந்த வாதம். 941ஆம் குறளில் வள்ளுவர் 'வளி' என்பதும் இதைத்தான். மற்றதில் வரும் 'த', 'பந்து' என்பதில் ஒலிப்பது. அதன் பொருள் பேச்சு, தர்க்கம். வாதி, பிரதிவாதி, விவாதம், வாக்குவாதம் எல்லாம் இதிலிருந்து வந்தவை. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. சொல்லின் நடுவில் தனித்து வரும் 'த' மெலிந்துதான் ஒலிக்கும் என்பதால் காதுக்கும் வேறுபாடு தெரியாமல் போனது. மலையாளத்தில் பக்கவாதத்துக்கு ஒரு எழுத்து, தீவிரவாதத்துக்கு வேறு எழுத்து.

சந்தேகமா? 'வாதி' சேர்த்துப் பாருங்கள். தீவிரவாதி, சந்தர்ப்பவாதி, பிடிவாதி, எல்லாம் சரியாக வரும். பக்கவாதம் வந்தவரைப் பக்கவாதி என்போமா?

முன்னால் நிற்கும் 'பிடி' நம் சொல். விடாப்பிடி, உடும்புப்பிடி என்பதில் உள்ள அதே பிடி. தெலுங்கில் இதை 'மொண்டிபட்டு' என்பார்கள், பட்டு என்றால் பிடி. மலையாளத்தில் 'பிடிவாசி'. எங்குமே காற்று இல்லை.

'வழக்கில் பொருள் மாறாதா?' என்பீர்கள். மாறும், மறுக்கவில்லை. ஆனால் இங்கே மாறவில்லையே! பிடிவாதம் வந்து படுத்துவிட்டார் என்று யார் பேசுகிறார்கள்? பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதானே சொல்கிறோம்? 'சும்மா ரசனைக்கு' என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ரசனைக்குப் போட்ட படத்தில் முன்னோரை ஏன் சாட்சிக்கு இழுக்க வேண்டும்?

குழந்தை அடம் பிடிக்கும், காரணம் சொல்லாது. மாடு முரண்டு பிடிக்கும். வீம்பில் கர்வம் கலந்திருக்கும். இந்தக் கூட்டத்தில் பிடிவாதம் ஒன்றில்தான் வாதம் இருக்கிறது. ஒருவரைப் பிடிவாதக்காரர் என்னும்போதே அவரிடம் ஒரு வாதம் இருப்பதை அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது. அதை நோய் என்று சொல்லிவிட்டால் அவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டியதில்லை, அவ்வளவுதானே உங்களுக்கு வேண்டியது? அந்தப் பெண் சொன்ன காரணம் தப்பென்றால் எங்கே தப்பு என்று காட்டுங்கள். வைத்தியம் பார்க்க வராதீர்கள்.