எட்டா ஜேம்ஸ் ப்ளூஸை விட்டுப் போகவில்லை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயர இசையான ப்ளூஸைப் பாடிய எட்டா ஜேம்ஸ் தமது 56ஆம் வயதில், 1994இல், 'மிஸ்டரி லேடி' என்ற இசைத்தொகுப்பின் வழியாக, மதுக்கூடத்து மங்கல் வெளிச்சத்துக்கு ஏற்ற லவுஞ்ச் ஜாஸுக்குள் ஒதுங்கிக்கொண்டார் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் 1960இல் பாடியவற்றைச் சரிவரக் கேட்காதவர்களின் தீர்ப்பு அது என்பேன்.

அந்த ஆண்டு வந்த அவருடைய முதல் தொகுப்பான 'அட் லாஸ்ட்'டை வெளியிட்ட ஆர்கோ, சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜாஸுக்குப் பெயர்பெற்ற கிளை. அத்தொகுப்பின் தலைப்புப் பாடல் 1941இல் கிளென் மில்லரின் பெரிய வாத்தியக் குழு இசைத்தது. 22 வயது எட்டா அதை வயலின்கள் சூழப் பாடினார். அலபாமாவின் மசில் ஷோல்ஸில் 1967இல் பதிவான அவருடைய பாடல்களின் முழக்கம்தான் அந்த மென்மையை நம் நினைவிலிருந்து மறைத்துவிட்டது.

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் பாடல்களால் ஆன 'மிஸ்டரி லேடி'யில், ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் குழுவில் வாசித்துத் தேர்ந்த சீடர் வால்ட்டன், தம் பியானோவை அளந்தே பேசவிட்டு, பாடகிக்கு நிறைய இடம் தருகிறார். எட்டாவோ ஹாலிடேயின் மெல்லிய குரலைப் பாவனை செய்யவே இல்லை. தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிச் சொல்லை எடுத்து, வரியின் முடிவில் அடித்தொண்டையின் கரகரப்பை மட்டும் கசியவிடுகிறார். கத்தித் தீர்க்க வேண்டிய துயரத்தை அடக்கிவைத்துப் பாடும்போது அதன் கனம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஹாலிடேயை நேசித்தவர் எட்டாவின் தாய் டோரதி. 2001இல் வந்த 'ப்ளூ கார்டீனியா'வின் தலைப்புப் பாடலில் அந்தத் தாயும் சேர்ந்து பாடியிருக்கிறார்.

எல்லாவற்றையும் நான் புகழ மாட்டேன். 1995இன் 'டைம் ஆஃப்டர் டைம்' ஒரே விளம்ப நடையில் ஊர்ந்து, பாதியிலேயே பின்னணி இசையாகிவிடுகிறது. லவுஞ்ச் என்ற ஏளனம் அதற்கு வேண்டுமானால் பொருந்தும்.

பல்லாண்டுகள் ப்ளூஸும் அதன் உறவான சோல் இசையும் பாடியவருக்கு முதல் கிராமி விருது ஜாஸ் தொகுப்பான 'மிஸ்டரி லேடி'க்காகக் கிடைத்தது (விருதுக் குழுவினரின் காது எப்போதுமே தாமதம்தான்). அதன் பிறகும் 2003, 2004ஆம் ஆண்டுகளில் அவர் ப்ளூஸ் தொகுப்புகளை வெளியிட்டார். இரண்டுக்கும் கிராமி கிடைத்தது.