ரூட் ஸ்குவாஷ் மட்டும் போதாது

என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) சர்வரில் ரூட் ஸ்குவாஷ் (கிளையன்ட் கணினியின் ரூட்டை, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியை, சர்வர் அதிகாரமற்ற அநாமதேயப் பயனராக நடத்தும் அமைப்பு) போட்டுவிட்டால் அந்த ரூட்டால் பிறருடைய ஹோம் டைரக்டரியைத் திறக்க முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. ஸ்குவாஷ் மறிப்பது யுஐடி 0-வை (ரூட்டின் பயனர் எண்ணை) மட்டும். செக்=சிஸ் (sec=sys) என்ற வழக்கமான முறையில் கிளையன்ட் சொல்லும் யுஐடியை என்எஃப்எஸ் சர்வர் அப்படியே நம்பிவிடும்; ரூட் அந்த ஹோமின் சொந்தக்காரராக மாறிக்கொண்டால் தீர்ந்தது.

சோதிப்பது எளிது. உங்கள் சொந்தச் சோதனைக் கணினியில் ரூட்டாக நுழைந்து, 'எஸ்யூ' கட்டளையால் ஒரு சோதனைப் பயனராக மாறி, என்எஃப்எஸ்-இல் உள்ள அவருடைய 700 அனுமதியுள்ள (உரிமையாளர் மட்டும் திறக்கக்கூடிய) ஹோமைப் பட்டியலிடுங்கள். திறந்துவிடும்! அப்புறம் சர்வர் எக்ஸ்போர்ட் (பகிரும் அமைப்பு), கிளையன்ட் மவுன்ட் (இணைக்கும் அமைப்பு) இரண்டையும் செக்=கேஆர்பி5 (sec=krb5, கெர்பரோஸ் மூலம் பயனரைச் சரிபார்க்கும் முறை) ஆக்கி அதையே செய்யுங்கள்: அனுமதி மறுக்கப்படும். அந்தக் கணினியில் அந்தச் சோதனைப் பயனருடைய கெர்பரோஸ் டிக்கெட் (அடையாளச் சான்று) ஏற்கெனவே இருக்கக் கூடாது, இருந்தால் ரூட் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.