குளத்தைச் சுற்றி ஒரு சின்ன நடை

(சிங்கப்பூர், மெக்ரிச்சி நீர்த்தேக்கப் பூங்கா. திங்கட்கிழமை காலை ஏழரை மணி. மன்னார்குடியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மாமனார் வேட்டியும் ரப்பர் செருப்புமாக நிற்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மருமகன் முதுகில் பை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்ணீர் பாட்டில், தலையில் தொப்பி. இந்த வித்தியாசத்தை மாமனார் அப்போதே கவனித்திருக்கலாம்.)

மாமனார்: எட்டரைக்குத் தோசைக்கல்லைப் போடச் சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை.

மருமகன்: எட்டரைக்கா, மாமா?

மாமனார்: பின்னே? குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்றுதானே சொன்னீர்கள். தினமும் ஹரித்ராநதியைச் சுற்றுகிறவன் நான். 23 ஏக்கர்! வழியில் நாலு பேரிடம் நின்று பேசினாலும் அரை மணியில் முடித்துவிடுவேன்.

மருமகன்: இது அதைவிடக் கொஞ்சம் பெரிய குளம். வெள்ளைக்காரர்கள் 1868-இல் கட்டி முடித்தது. இந்த ஊரின் முதல் நீர்த்தேக்கம்.

மாமனார்: பெரிதாக இருக்கட்டுமே. தண்ணீர் வலக்கைப் பக்கம் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். இடம் சுற்றுவது நமக்கு ஆகாது.

(அரை மணி கழித்து. தண்ணீர் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது.)

மாமனார்: ஊருக்கு நடுவில் இவ்வளவு காட்டை எப்படி விட்டுவைத்தார்கள்? மனை போட ஆளே இல்லையா?

மருமகன்: தண்ணீருக்காகத்தான், மாமா. காட்டை வெட்டினால் மழையில் மண் கரைந்து வந்து ஏரியைத் தூர்த்துவிடும் இல்லையா?

மாமனார்: நம் பக்கத்தில் ஏரியைத் தூர்த்துவிட்டுத்தான் மனையே போடுவார்கள். அப்புறம் மறக்காமல் 'ஏரிக்கரை நகர்' என்று பெயர் வைப்பார்கள். அது சரி, இதென்ன மரம்? உடம்பெல்லாம் பழைய தழும்பு மாதிரி இருக்கிறதே.

மருமகன்: ரப்பர். ஒரு காலத்தில் இங்கே தோட்டம் இருந்தது. இப்போது காட்டோடு காடாகிவிட்டது.

மாமனார்: பால்மரமா! (தொட்டுப் பார்க்கிறார்.) எங்கள் சின்னத் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் பால்மரம் வெட்டத்தான் போனார். கங்காணி வந்து என்ன சொன்னானாம் தெரியுமா? "லேசான வேலைதான், போய்விட்டு வந்துவிடலாம்."

மருமகன்: ஐயோ பாவம்.

மாமனார்: நேற்று ராத்திரி நீங்களும் அதே மாதிரிதான் சொன்னீர்கள். சரி, எவ்வளவு வந்திருக்கிறோம்?

மருமகன்: (கைக்கடிகாரத்தைப் பார்த்து) இரண்டு.

மாமனார்: மொத்தம்?

மருமகன்: பதினொன்று இருக்கும்.

மாமனார்: பதினொன்று என்ன?

மருமகன்: கிலோமீட்டர்.

(நீண்ட மௌனம். எங்கேயோ ஒரு குருவி மட்டும் விசாரிக்கிறது.)

மாமனார்: மாப்பிள்ளை, மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு பஸ் இருக்கிறது.

மருமகன்: ஆபீஸ் நண்பன் ரொம்ப எளிது என்றான், மாமா.

மாமனார்: யார் அந்த நண்பன்?

மருமகன்: மாரத்தான் ஓடுகிறவன்.

மாமனார்: குளம் என்று ஏன் சொன்னீர்கள்? நீர்த்தேக்கம் என்று சொல்லியிருந்தால் எனக்கு மேட்டூர் ஞாபகம் வந்திருக்கும். மேட்டூரைச் சுற்றிவிட்டுத் தோசை சாப்பிட வருகிறேன் என்று எவனாவது சொல்வானா?

(புதரில் சலசலப்பு.)

மாமனார்: முதலை! மாப்பிள்ளை, முதலை!

மருமகன்: உடும்பு, மாமா. ஒன்றும் செய்யாது. அது பாட்டுக்குப் போகும்.

மாமனார்: உடும்பா? நம்பலாமா?

மருமகன்: நம்பலாம். என் கையைக் கொஞ்சம் விடுங்கள். உடும்பு அங்கே இருக்கிறது, பிடி இங்கே இருக்கிறது.

(இன்னும் ஒரு மணி நேரம். மரப்பலகைப் பாதை. வேட்டி மடித்துக் கட்டப்பட்டுவிட்டது. எதிரே ஒரு குரங்குக் குடும்பம்.)

மருமகன்: மாமா, அந்தப் பையில் என்ன?

மாமனார்: முறுக்கு. உங்கள் அத்தை கொடுத்தாள்.

மருமகன்: உடனே என்னிடம் கொடுங்கள், முதுகுப்பைக்குள் வைத்துவிடுகிறேன். பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே தின்பண்டம்தான் என்று இந்தக் குரங்குகளுக்குத் தெரியும்.

மாமனார்: பாவம், குட்டியோடு இருக்கிறது. ஒன்றே ஒன்று போட்டால்...

மருமகன்: போட்டால் 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம்!

மாமனார்: நம் பணத்தில்?

மருமகன்: மூன்று லட்சத்துக்கு மேல்.

மாமனார்: ஒரு முறுக்குக்கா! (பையை நெஞ்சோடு அணைக்கிறார். பெரிய குரங்கு எழுந்து வருகிறது. ஒரே இழுப்பு. பை மரத்தில்.) ஐயா, சாட்சி சொல்லுங்கள்! நான் கொடுக்கவில்லை, அதுதான் பிடுங்கியது!

மருமகன்: தெரியும், மாமா.

மாமனார்: உங்களுக்குத் தெரிந்து என்ன புண்ணியம்? கேமரா எங்கே இருக்கிறது? (மரத்தைப் பார்த்துக் கைகளை உயர்த்திக் காட்டுகிறார்.) பாருங்கள், வெறுங்கை!

(அதன்பின் ஒரு கிலோமீட்டருக்கு அவர் கைகளை வீசாமலேயே நடந்தார்.)

மாமனார்: ஏதோ தொங்குபாலம் என்றீர்களே, அது எங்கே?

மருமகன்: மர உச்சிக்கு மேலே நடக்கிற பாலம். 250 மீட்டர் நீளம். 2004-இல் திறந்தார்கள். ஆனால் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

மாமனார்: பாலத்துக்கே வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. அறுபத்தெட்டு வயதுக்காரனுக்குக் கிடையாது. வந்த வழியே திரும்பினால்?

மருமகன்: சரிபாதியில் இருக்கிறோம். எப்படிப் போனாலும் ஐந்தரை.

மாமனார்: டீக்கடை?

மருமகன்: காட்டுக்குள்ளே ஏது, மாமா?

மாமனார்: காடு என்று சொல்லுங்கள். இப்போதாவது வாயில் வந்ததே. போகட்டும், இதற்கு முன்னால் எத்தனை தடவை சுற்றியிருக்கிறீர்கள்?

மருமகன்: ...

மாமனார்: மாப்பிள்ளை?

மருமகன்: இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷமாகிறது. யாராவது துணைக்கு வந்தால் போகலாம் என்று இருந்தேன்.

(கைபேசி ஒலிக்கிறது.)

மாமனார்: ம்... ஆமாம்... மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வை. இல்லை, குளத்தங்கரையில்தான் இருக்கிறோம். அந்தக் கரையில்... முறுக்கா? ரொம்ப நன்றாக இருந்ததாம்.

(பன்னிரண்டு மணி. கிளம்பிய இடம். மருமகன் ஷூவைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் சாய்ந்து கிடக்கிறார். மாமனார் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டே தண்ணீரைப் பார்க்கிறார்.)

மாமனார்: மாப்பிள்ளை, சம்பந்தி அடுத்த வாரம்தானே வருகிறார்?

மருமகன்: ஆமாம், மாமா. சனிக்கிழமை.

மாமனார்: அவரையும் கூட்டி வாருங்கள். ஆனால் குளம் என்றே சொல்லுங்கள்.

மருமகன்: மாமா, அவர் என் அப்பா!

மாமனார்: கல்யாணத்தன்று "மண்டபம் பக்கத்தில்தான்" என்று சொல்லி, வெயிலில் என்னை ஸ்டேஷனிலிருந்து நடக்கவிட்டவரும் அவர்தானே?