போனஸ் வந்தால் எந்தக் கடனை முதலில் அடைப்பது?

தீபாவளி போனஸோ சீட்டுப் பணமோ கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் அடைபடுவது எந்தக் கடன் என்று பாருங்கள். வாசலில் வந்து நிற்கும் ஆளின் கடன். இல்லாவிட்டால், அடுத்த கல்யாணத்தில் முகத்தில் விழிக்க வேண்டிய சித்தப்பாவிடம் வட்டியில்லாமல் வாங்கிய கைமாற்று. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மட்டும் மினிமம் டியூவைக் கட்டி அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவோம். மானத்துக்கு அஞ்சுவது தப்பே இல்லை. ஆனால் இந்த வரிசையால்தான் நல்ல சம்பளம் வாங்கும் குடும்பங்கள்கூடக் கடனை விட்டு வெளியே வர முடியாமல் தவிக்கின்றன என்று உறுதியாக நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். பல கார்டுகளில் நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம் வரை வட்டி, அதாவது வருடத்துக்கு 42. ஒரு லட்சம் பாக்கி என்றால் மாத வட்டி 3,500 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630 ரூபாய். நீங்கள் 5,000 கட்டினால் அசலில் குறைவது வெறும் 870. சித்தப்பாவை நேரில் போய்ப் பாருங்கள், நிலைமையைச் சொல்லி ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள், அந்தப் பணத்தை அப்படியே கார்டில் கட்டுங்கள். அவர் வீட்டில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம் என்றால் மட்டும் அவருக்கே முதலில் கொடுங்கள். அங்கே வட்டிக் கணக்கு பார்க்கக் கூடாது.

வரிசை போட ஒவ்வொரு கடனின் உண்மையான வட்டியும் தெரிய வேண்டும். ‘ஒரு ரூபாய் வட்டிதான் சார், வருஷத்துக்கு 12 பர்சென்ட்’ என்பார்கள். ஒரு லட்சத்தை 24 மாதத் தவணையில் ஃப்ளாட் வட்டிக்கு வாங்கினால், அசல் குறையக் குறையவும் முழு லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். மொத்தம் 1,24,000 கட்டுவீர்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 21.6 சதவீதம். 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அடகு நகை. இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், தெரிந்தேதான் சொல்கிறேன். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கிறோம். அம்மா போட்ட வளையல், தாய்மாமன் சீர் என்று எதையும் விற்க மனம் வருவதில்லை. அது புரிகிறது. ஆனால் சில வருடங்களுக்கு முன் பழைய விலைக்கு அடகு வைத்து, இடையில் கூடுதல் பணம் எடுக்காமல் இருந்தால், இன்றைய விலையில் ஒரு பகுதியை விற்றாலே மீதியை மீட்டுவிடலாம். மனதுக்கு நெருக்கமான நகையை வைத்துக்கொண்டு மற்றதை விற்கலாமே. ‘தங்கம் ஏறும், விற்காதே’ என்பார்கள். 2013-இல் விழுந்த விலை சில வருடங்கள் பெரிதாக ஏறாமல் கிடந்தது. அந்த வருடங்களிலும் அடகு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கடன் கடைசியில் வரட்டும். 30 லட்சம், 9 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 27,000. முதல் மாதம் அதில் 22,500 வட்டிக்கே போய்விடும். மற்ற கடன்கள் முடிந்த பிறகு மாதம் 2,250 ரூபாய் கூடுதலாகக் கட்டப் பாருங்கள். கடனின் முதல் மாதத்திலிருந்தே அப்படிக் கட்ட முடிந்தால், மூன்றரை வருடம் முன்னதாகவே கடன் முடியும், வட்டியில் 7 லட்சத்துக்கு மேல் மிச்சமாகும். சொந்தத் தேவைக்குத் தனிநபர் வாங்கிய, மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் கேட்க முடியாது. மொத்தமாக ஒரு தொகை கட்டும்போது மட்டும், மாதத் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.