மேடியையும் கொஞ்சம் பாருங்கள்

எலினோர் எஸ்டெஸ் 1944-ல் எழுதிய ‘த ஹன்ட்ரட் டிரெஸஸ்’ கதையை, பள்ளியில் கூடப் படிக்கும் வாண்டாவை பெக்கி சீண்டினாள், வாண்டா மன்னித்தாள் என்று இரண்டே வரியில் உங்கள் கட்டுரையில் முடித்ததில் எனக்கு மனசு ஒப்பவில்லை. என் மகள் படித்தபோது இது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இருந்தது, அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் நானும் படித்தேன்.

வெளிறிய ஒரே நீல உடையில் தினமும் வரும் போலந்துக் குடும்பத்துப் பெண் வாண்டா, வீட்டில் நூறு உடை இருக்கிறது என்கிறாள். பெக்கி அதையே கேட்டுக் கேட்டுக் குத்துகிறாள். சரி, பக்கத்தில் பேசாமல் நிற்கும் பெக்கியின் தோழி மேடி? அவளும் ஏழை, மற்றவர்கள் போட்டுப் பழசான உடைதான் அவளுக்கும், வாய் திறந்தால் அடுத்த கேலி தன்மேல்தான் என்ற பயம். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி வகுப்பே சிரித்தபோது நானும் அப்படித்தான் நின்றேன், இன்றும் உறுத்துகிறது.

அப்புறம், வாண்டா ‘மன்னித்தேன்’ என்று எங்கேயும் சொல்வதில்லை. ஊரைவிட்டே போனபின், தான் வரைந்த நூறு உடைப் படங்களில் பச்சையை பெக்கிக்கும் நீலத்தை மேடிக்கும் கொடுக்கச் சொல்லி ஆசிரியைக்குக் கடிதம் எழுதுகிறாள், அவ்வளவுதான். மேடி தன் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தால் அதில் இருப்பது அவளுடைய முகம்! பெக்கி நிம்மதியாகிவிடுகிறாள், மேடிக்குக் கண்ணீர் வருகிறது.

“அவதான் படமே கொடுத்துட்டாளே, இவ ஏம்மா அழறா?” என்று மகள் கேட்டாள். அன்று ராத்திரி வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.