வைன் மேற்படிப்பு குறித்து ஒரு திருத்தம்

மார்த்தாண்டத்து நண்பர் ஒருவர், திராட்சை வளர்ப்பும் வைன் தயாரிப்பும் சார்ந்த மேற்படிப்பு "சுவை பார்க்கக் கற்றுத்தரும் படிப்புதான், எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம்" என்று எழுதியிருப்பது சரியன்று. அதை நம்பி நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் யாரும் விண்ணப்பித்து ஏமாந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் இது எம்.எஸ். என்னும் முதுநிலை அறிவியல் பட்டம். இளநிலைப் பட்டம் வேறு துறையில் இருக்கலாம் என்றாலும், வேதியியல், உயிரியல், கணிதம், புள்ளியியல் ஆகியவற்றின் அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்காக நம் வீடுகளில் பரணியில் (சாடியில்) திராட்சையும் சீனியும் இட்டு மூடி வைக்கும்போது தானாக நடப்பதுபோல் தோன்றும் நொதித்தலை, ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவது முதல் பாக்டீரியா மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக்குவது வரை, ஆய்வகத்தில் அளந்து அளந்து கற்கும் அறிவியல் அது; அதனோடு ஒட்டுக்கட்ட உதவும் வேர்ச்செடி, கவாத்து, மண், நோய் என்று தோட்டப் படிப்பும் உண்டு.

"தமிழ்நாட்டில் திராட்சையே கிடையாது" என்று அவர் எழுதியிருப்பதும் தவறு. இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்து ஈரத்தில், திராட்சைக் கொடியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் எளிதில் பரவும் என்பது உண்மைதான். ஆனால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடே பெற்றிருக்கிறது. அங்கே ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. ஆர்வமுள்ள மாணவர்கள் முதலில் அதைப் பார்த்து வரலாம்.