பிரீசர்ல வெச்ச எவர்சில்வர் சட்டி நஞ்சாகாது

மட்டக்களப்பு பக்கம் வாட்ஸ்அப்ல ஒரு வொய்ஸ் சுத்துது, மீன் போட்ட எவர்சில்வர் சட்டிய பிரீசர்ல வெச்சா இரும்பு உள்ளுக்க மாறி நிக்கல் கசிஞ்சு மீன்ல கலக்குமாம், சட்டி மூலையில காந்தம் ஒட்டுறதுதான் அதுக்கு அத்தாட்சியாம். முழுப் பிழை.

நல்ல சட்டி 304 எண்ட ஸ்டீல் ரகம், குரோமியம் 18 வீதம், நிக்கல் 8 வீதம் அளவுல இரிக்கும். அதுட அணு அடுக்குக்குப் பேர் ஆஸ்டனைட், காந்தம் ஒட்டாது. அது மார்ட்டென்சைட் எண்ட காந்தம் ஒட்டுற அடுக்கா மாறலாம் எண்டது உண்மைதான், ஆனா பிரீசர்ட மைனஸ் 18 பாகையில சும்மா வெச்சதுக்கு மாறாது, மைனஸ் 196 பாகை திரவ நைதரசனுக்குள்ள போட்டாலும் 304 பெரும்பாலும் ஆஸ்டனைட்டாவே நிக்கும். வளைச்சு இழுத்தாத்தான் மாறும், குளிர் கூடக் கூட அந்த மாற்றம் சுகமா நடக்கும். பெக்டரியில தகட்ட அழுத்தி இழுத்துத்தானே சட்டி செய்றாங்க, மூலையிலதான் கூட இழுபடும், அதாலதான் அங்க காந்தம் லேசா ஒட்டுது, கடையில வாங்கக்குள்ளயே அப்பிடித்தான். மாறினாலும் அணுக்கள் கொஞ்சம் நகர்ந்து அடுக்குத்தான் மாறும், நிக்கல் வெளிய வராது.

மறுகா, சாதாரண இரும்பு கடுங்குளிர்ல நொறுங்கும், 304 நொறுங்காது. மைனஸ் 183 பாகை திரவ ஒட்சிசன் டேங்குக்கு உள்பாத்திரம் இந்த மாதிரி ஸ்டீல்லதான் செய்றாங்க. ஒண்ட மட்டும் கவனிங்க, எவர்சில்வர் போத்தல் நிறையத் தண்ணி ஊத்தி மூடிய இறுக்கி பிரீசர்ல வைக்காதீங்க, ஐஸ் ஆகக்குள்ள தண்ணி 9 வீதம் பெருக்கும், அடி புடைச்சிரும்.